கிரியேட்டிவ் டைரக்டர் என்கிறார்கள், காசு மட்டும் பழைய காசு

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். சின்ன வயதில் பரதம், பிறகு ஹிப்ஹாப். கொஞ்ச வருடம் மற்றவர்களின் வீடியோக்களில் பின்னால் ஆடினேன். இப்போது வளர்ந்துவரும் ஒரு பாப் பாடகிக்கு இரண்டு வருடமாக நான்தான் கோரியோகிராஃபர், அவருக்கு ஆட்டம் அமைப்பவள். அவருடைய முதல் டூர் வருகிறது, கனடாவிலும் அமெரிக்காவிலும் சின்ன அரங்குகள். மானேஜர் “இனி நீதான் கிரியேட்டிவ் டைரக்டர்” என்கிறார். காசு கூட்டவில்லை, எழுத்திலும் ஒன்றும் இல்லை. கேட்டால் “பெயர் கிடைக்கிறதே” என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? கோரியோகிராஃபரிலிருந்து அந்த இடத்துக்குப் போவது இப்படித்தானா?

பதில்: தங்கச்சி, ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாரம் வேண்டாம், மானேஜர் சொன்ன வடிவத்திலும் வேண்டாம்.

பட்டம் கொடுக்க மானேஜருக்குச் செலவே இல்லை. காசு குறைவாக இருக்கும் இடத்தில் பட்டம் தாராளமாகக் கிடைக்கும், லண்டனில் நான் பார்த்தது இது, ரொறன்ரோ மட்டும் வேறு மாதிரி இருக்கப் போவதில்லை. உங்களிடம் அவர் கேட்டிருப்பது இன்னொரு முழு வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி. அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் அதற்கு என்ன கேட்பது என்று தெரியும், அதனால் முதலில் அதைச் சொல்கிறேன், காசுக்குப் பிறகு வருகிறேன்.

கோரியோகிராஃபரின் கையில் வருவது ஒரு பாட்டு. எட்டு எட்டாக எண்ணி, யாரை எங்கே நிறுத்துவது, கோரஸ் எங்கே வெடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள், பாட்டு முடிந்தால் உங்கள் பொறுப்பும் முடிந்தது. கிரியேட்டிவ் டைரக்டரின் கையில் வருவது முழு நிகழ்ச்சி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. எந்தப் பாட்டு முதலில், எந்தப் பாட்டுக்கு ஆட்டமே வேண்டாம், பாடகி தண்ணீர் குடிப்பது எப்போது, அவர் உடை மாற்றப் போயிருக்கும் அந்த ஒரு நிமிடம் கூட்டம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும், விளக்கு எந்தச் சொல்லில் அணையும், திரையில் ஓடும் வீடியோவும் இசைக்குழுவின் காதில் தாளம் காட்டி ஓடும் கிளிக் சத்தமும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றனவா, தைத்துக் கொடுத்த பாவாடையோடு முழங்காலிட முடியுமா என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒருவர் “இது சரி, அது வேண்டாம்” என்று சொல்லியாக வேண்டும். மியூசிக்கல் டைரக்டரும் லைட்டிங் டிசைனரும் தங்கள் பங்கைச் செய்வார்கள், ஆனால் இரண்டு பேரும் முட்டிக்கொண்டால் தீர்ப்பு உங்களுடையது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் மானேஜரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. “எல்லாவற்றிலும் உன் கருத்தைச் சொல்லலாம்” என்று பதில் வந்தால், இல்லை என்று அர்த்தம்.

நம்மைப் போல ஆட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில் மிகவும் கஷ்டமானது ஆட்டத்தைக் குறைப்பது. சின்ன அரங்கு என்றால் மேடையில் பாதியை டிரம்ஸும் ஸ்பீக்கரும் எடுத்துவிடும், மீதியில் இரண்டு நடனக்காரர்கள் கை விரித்தாலே பாடகியின் முகத்தில் படும். இடத்தைவிட முக்கியம் மூச்சு. வீடியோவில் பாடகி வாயை அசைத்தால் போதும், மேடையில் அவர் நிஜமாகப் பாட வேண்டும், அதுவும் நேற்று வேறொரு ஊரில் பாடிவிட்டு, பஸ்ஸில் தூங்கி எழுந்து வந்து. நீங்கள் வீடியோவுக்கு அமைத்த ஆட்டத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனால் மூன்றாவது பாட்டில் சுருதி விலகும், டூர் பாதியில் தொண்டை போகும். நீளமான சுரம் வரும் இடத்தில் அவரை நிற்க வையுங்கள், அசைவைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுங்கள், பின்குரல் தாங்கிப் பிடிக்கும் கோரஸில் அவரை ஆட விடுங்கள். மைக் கையிலா தலையிலா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கையில் என்றால் அவருக்கு ஒரு கைதான் மிச்சம், நீங்கள் இரண்டு கைக்கும் அமைத்ததெல்லாம் வீண். ஒத்திகை முழுவதும் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலையாவது பிடித்துக்கொண்டு ஆடச் சொல்லுங்கள்.

2023 பெப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இடைவேளையில் ரிஹானா பாடியதை இன்னொரு தடவை பாருங்கள், இந்த முறை ஸ்டெப்பைப் பார்க்காமல். அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். அவருடைய அசைவு குறைவு, ஆனால் அவர் மட்டும் சிவப்பு, சுற்றியிருக்கும் பெரும்படை முழுக்க வெள்ளை. மைதானத்துக்கு மேலே தொங்கும் மேடைகள் ஏறி இறங்குகின்றன, ஆட்டத்தின் சக்தி முழுவதும் கூட்டத்திடம் இருக்கிறது, கண் மட்டும் அவரை விட்டு விலகுவதில்லை. ஆட்டத்தை அமைத்தவர் நியூசிலாந்தின் பாரிஸ் கோபெல், ஜஸ்டின் பீபரின் ‘சாரி’ வீடியோவை 2015-ல் இயக்கியவரும் அவர்தான். எட்டுப் பேர் செய்யக்கூடிய கடினமான ஸ்டெப்பை அமைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நட்சத்திரத்தை நிற்க வைத்துவிட்டு நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் குறைவு, அவர்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், போகிற வழி இப்படித்தானா என்று. பெரும்பாலும் ஓம். இந்தத் தொழிலுக்குப் பதவி உயர்வு தரும் அலுவலகம் கிடையாது, ஒத்திகை அறையில் யார் உங்களைப் பார்த்தார்கள் என்பதுதான் எல்லாம். 1983-ல் வந்த மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ வீடியோவில் கத்தியோடு மோதும் இரண்டு தலைவர்களில் ஒருவர் மைக்கேல் பீட்டர்ஸ், அந்த வீடியோவுக்கு ஆட்டம் அமைத்தவர். எதிரில் நிற்பவர் வின்சென்ட் பேட்டர்சன், அப்போது ஒரு நடனக்காரர். அடுத்து ‘த்ரில்லர்’ வந்தது, அதில் அவர் பிணக்கூட்டத்தில் ஒருவர். பிறகு ‘ஸ்மூத் கிரிமினல்’ ஆட்டம் அவரிடம் வந்தது, 1990-ல் மடோனாவின் ‘ப்ளாண்ட் ஆம்பிஷன்’ டூரை முழுவதுமாக இயக்கும் பொறுப்பும் வந்தது. பாட்டுகளை நாடகத்தின் காட்சிகள் போலப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி உலகம் கட்டி, இன்றைக்கும் பாப் டூர்கள் பின்பற்றும் அமைப்புக்கு வழி காட்டிய நிகழ்ச்சி அது. பின்வரிசையில் நின்றபோதே முழு மேடையையும் பார்த்துக்கொண்டிருந்தவர் என்றுதான் நான் அவரைப் பற்றி நினைப்பேன்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கதையில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. லோரியான் கிப்சன் ரொறன்ரோவில் பிறந்தவர். நியூயார்க்கில் ஆல்வின் ஏலி நடனப் பள்ளியில் படித்து, ‘இன் லிவிங் கலர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஃப்ளை கேர்ள்ஸ் குழுவில் ஆடி, அப்புறம் இசைக் கம்பெனிகளில் புதுப் பாடகர்களை மேடைக்குத் தயார் செய்யும் வேலைக்கு வந்தார். எப்படி நடப்பது, கேமராவை எங்கே பார்ப்பது, பாட்டின் நடுவில் பேசுவதா வேண்டாமா என்று சொல்லிக் கொடுக்கிற வேலை, வெளியே யாருக்கும் பெயர் தெரியாது. லேடி காகாவை உலகம் அறியும் முன்பே அவரோடு சேர்ந்தார். ‘போக்கர் ஃபேஸ்’, ‘பேட் ரொமான்ஸ்’ ஆட்டங்கள் அவருடையவை. 2011-ல் ‘ஜூடாஸ்’ வீடியோவைக் காகாவோடு சேர்ந்து இயக்கினார், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரியின் தொலைக்காட்சிப் படத்தையும் அவரே இயக்கினார். அதே வருடக் கடைசியில் இருவரும் பிரிந்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் ரிச்சி ஜாக்சன், அதுவரை கிப்சனுக்கு உதவியாக இருந்தவர்.

இதில் யார் சரி யார் பிழை என்று கதைக்க நான் வரவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த வேலை ஒரே ஒரு மனிதரின் நம்பிக்கையில் தொங்குகிறது. பாடகி ஒரு நாள் மனம் மாறினால், காதலரோ புது மானேஜரோ இன்னொருவரைக் கூட்டிவந்தால், எல்லாம் முடிந்தது, பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தியில். ஆகவே இந்தப் பாடகியை எவ்வளவு பிடித்தாலும் வருடத்தில் கொஞ்சக் காலத்தையாவது வேறு ஆட்களுக்கு வையுங்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு முடியுமா என்று நினைக்காதீர்கள். ஷான் பாலின் வீடியோக்களுக்கும் டிரேக்கின் ‘ஹாட்லைன் ப்ளிங்’ பாட்டுக்கும் ஆட்டம் அமைத்த டனிஷா ஸ்காட் உங்கள் ஊர்தான், அவர் எந்தப் பள்ளியிலும் முறையாகப் படித்துவிட்டு வந்தவரும் இல்லை.

சரி, காசு.

முதலில் ஒரு கசப்பான விஷயம். பாட்டு எழுதியவருக்கு அந்தப் பாட்டு ஓடும்வரை ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். ஆட்டம் அமைத்தவருக்கு வழக்கமாக அப்படி எதுவும் இல்லை, ஒரு தடவை கூலி, அவ்வளவுதான், வீடியோ நூறு கோடிப் பார்வை தாண்டினாலும் அதே கூலி. பியான்சேயின் ‘சிங்கிள் லேடீஸ்’ 2008-ல் வந்தது, ஃப்ராங்க் கேட்சனோடு சேர்ந்து அதற்கு ஆட்டம் அமைத்த ஜகுவெல் நைட்டுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. உலகமே ஆடிப் பார்த்த அந்த ஆட்டத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் அவர் பதிவு வாங்கியது 2020-ல், பன்னிரண்டு வருடம் கழித்து. அதற்கென்றே ஒரு கம்பெனியும் தொடங்கினார். அமெரிக்காவில் கோரியோகிராஃபிக்குச் சட்டப் பாதுகாப்பு 1978-லிருந்தே இருக்கிறது, பாப் ஆட்கள் அதைத் திறந்து பார்க்கவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

எல்லா அசைவுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரு ஸ்டெப், கூடிக் களிக்கும்போது எல்லோரும் ஆடும் ஆட்டம், சின்னச் சின்னத் துணுக்குகள் இவற்றுக்குப் பதிவு தர மாட்டார்கள், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் புகழ்பெற்ற ‘கார்ல்டன்’ ஆட்டத்துக்கு 2019-ல் மறுத்தார்கள். ஆனால் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. கைல் ஹனகாமி என்ற கோரியோகிராஃபர், தான் 2017-ல் யூடியூபில் போட்ட ஆட்டத்தின் ஒரு பகுதியை ஃபோர்ட்நைட் என்ற வீடியோ விளையாட்டு எடுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது, 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி, ஆட்டத்தைத் தனித்தனி அசைவுகளாக உடைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது என்றது. பிறகு இரண்டு தரப்பும் சமரசமாகிவிட்டன.

நீங்கள் இருப்பது கனடாவில், அங்கே உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நல்லது. கனடாவின் சட்டத்தில் கோரியோகிராஃபி நாடகப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது, வீடியோவாகவோ எழுத்தாகவோ பதிந்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் சம்பள ஊழியர் இல்லை என்றால், கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கும்வரை உரிமை பொதுவாக உங்களிடம்தான். அதாவது இரண்டு வருடமாகப் பேப்பர் இல்லாமல் அமைத்துக் கொடுத்த ஆட்டங்கள் அநேகமாக இன்றைக்கும் உங்களுடையவை. மானேஜருக்கு இது தெரிந்திருக்காது, அல்லது தெரிந்து சும்மா இருக்கிறார். டூர் பெரிதாகி ஒரு கம்பெனி உள்ளே வரும் நாளில் திடீரென்று ஒரு காகிதம் வரும், எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், பழையதும் சேர்த்து என்று. மோரல் ரைட்ஸ் என்கிற, படைத்தவருக்கே உரிய உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி கூடவே இருக்கும், உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை அதற்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு அவசரத்தில் கையெழுத்துப் போடாமல், இன்றைக்கே ஒரு கலைத்துறை வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் காசு கொடுத்துக் கதையுங்கள். என் யோசனை, உரிமையை விற்காமல் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள்: இந்த டூர், அதன் விளம்பரம், நேரலை, இவ்வளவுக்கும் தாராளமாக. வீடியோ விளையாட்டு, வேறு கம்பெனி விளம்பரம், நீங்கள் இல்லாத அடுத்த டூரில் அதே ஆட்டம் என்று வந்தால் தனியாகக் கதைத்துத் தனியாகக் காசு.

கூலியையும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஆட்டத்துக்குப் பாட்டுக் கணக்கிலோ நாள் கணக்கிலோ ஒரு தொகை, டைரக்‌ஷனுக்கு வேறு தொகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எப்போதும் சின்னதுதான் மிஞ்சும். டைரக்‌ஷன் தொகையில் ஒரு பங்கு கையெழுத்திடும்போது, ஒரு பங்கு ஒத்திகை தொடங்கும் நாள், மீதி முதல் நிகழ்ச்சி அன்று. டூர் கைவிடப்பட்டால் எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் உதவியாளரின் காசும், ஒத்திகைக்கு முன்னால் ஆட்டத்தை உருவாக்கிப் பார்க்க வரும் இரண்டு மூன்று நடனக்காரர்களின் காசும் உங்கள் பங்கிலிருந்து போகக் கூடாது. புதுசாக வருகிற ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், நண்பர்கள்தானே என்று தங்கள் கைக்காசைக் கொடுத்துவிடுவார்கள்.

உண்மையிலேயே காசு இல்லை என்றும் இருக்கலாம். சின்ன அரங்கு டூர்கள் பலவற்றில் கடைசிக் கணக்கு நட்டத்தில்தான் நிற்கும், மானேஜர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பட்ஜெட்டைக் காட்டச் சொல்லுங்கள், கிரியேட்டிவ் டைரக்டருக்குப் பட்ஜெட் தெரியாமல் வேலை செய்யவே முடியாது, இது நியாயமான கேள்வி. காசு இல்லை என்றால் வேலையும் குறைய வேண்டும்: எல்லா ஊருக்கும் நான் வர மாட்டேன், முதல் இரண்டு நிகழ்ச்சி பார்த்துத் திருத்திவிட்டு நடனக்காரர் ஒருவரை ஆட்டம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் டான்ஸ் கேப்டனாக வைத்துவிட்டுத் திரும்புவேன், அடுத்த டூர் வந்தால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். பெயர் எங்கே, எந்தச் சொற்களில் வரும் என்பதையும் எழுதுங்கள். போஸ்டர், இணையப் பக்கம், பாடகியின் இன்ஸ்டாகிராம் பதிவு, நேரலையின் கடைசி வரிகள், எல்லாவற்றிலும். “பெயர் கிடைக்கிறதே” என்றாரே, அப்படியானால் அந்தப் பெயரைக் காகிதத்தில் தரட்டும்.

இந்தப் பெயர் விஷயத்தில் உங்களுக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. கனடியக் கடவுச்சீட்டு இருந்தாலும் அமெரிக்காவில் இந்த வேலை செய்ய ‘ஓ’ (O) அல்லது ‘பி’ (P) வகை அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பத்தை அமெரிக்கத் தரப்பில் ஒருவர் போட வேண்டும், வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுக்கும். அதை யார் போடுகிறார்கள், யார் காசு கட்டுகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள், எல்லையில் நின்று “நண்பியின் கச்சேரி பார்க்கப் போகிறேன்” என்று சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாளைக்கு நீங்களாகவே ‘ஓ’ விசாவுக்குப் போகும்போது, பெயர் பெற்ற நிகழ்ச்சியில் முக்கியப் பொறுப்பு வகித்தீர்கள் என்பதற்கு ஒப்பந்தம், போஸ்டர், பத்திரிகைச் செய்தி எல்லாம் சான்றாகக் கேட்பார்கள். வாயால் சொன்ன பட்டம் அங்கே செல்லாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடப் பார்த்தேன். இதுவரை யாராவது “இது அந்த வீடியோ மாதிரி இருக்கிறதே” என்றால் வெட்கத்தோடு போய்விடும், இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2011-ல் பியான்சேயின் ‘கவுண்ட்டவுன்’ வீடியோ வந்தபோது பெல்ஜியத்தின் ஆன் தெரசா டி கியர்ஸ்மேக்கர் தன் நடனப் படைப்புகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார், பியான்சேயும் அது தனக்கு உந்துதல்களில் ஒன்று என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. படங்களை ஒட்டி யோசனைப் பலகை செய்யும்போதே எது யாருடையது என்று எழுதி வையுங்கள். குறிப்பாகப் பரதத்திலிருந்து ஏதாவது எடுத்தால், அடவு பொதுச் சொத்து, ஆனால் உங்கள் டீச்சர் அமைத்த வர்ணம் அவருடையது.

மானேஜரோடு சண்டை போட வேண்டாம். நேரில் கதைத்துவிட்டு அன்று இரவே மின்னஞ்சல் போடுங்கள், இந்த மாதிரி: “இன்றைக்குக் கதைத்ததில் நான் விளங்கிக்கொண்டது இது. செட்லிஸ்ட் (பாட்டு வரிசை), விளக்கு, உடை, திரை இவற்றில் பாடகிக்கு அடுத்த முடிவு என்னுடையது. கூலி இப்படி, பெயர் இப்படி, ஆட்டத்தின் உரிமை இப்படி. பிழை இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் ஒப்பந்தம் எழுதலாம்.” அதற்குப் பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், அப்போது கோரியோகிராஃபராகவே டூரைச் செய்துகொடுத்துவிட்டு, பட்டத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். பாடகியோடு தனியாகவும் ஒரு தேநீர் குடியுங்கள். மானேஜர் சொன்னது பாடகிக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கடிதத்தின் கீழே தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள், அம்மா இதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, சனிக்கிழமை நடத்தும் பரத வகுப்பையாவது விட்டுவிடாதே என்கிறார் என்று. வகுப்பு விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம். டூர் இரண்டு மாதத்தில் முடியும், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைகளின் கட்டணம் மாதா மாதம் வருகிறது, வாடகையைப் பற்றிக் கவலைப்படாத ஆள்தான் மானேஜரிடம் “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்ல முடியும். மூத்த மாணவி ஒருத்தியிடம் அந்த வாரங்களை ஒப்படையுங்கள், அவளுக்கு ஒழுங்காகக் காசு கொடுங்கள், பெற்றோருக்குத் தேதிகளை இப்போதே சொல்லிவிடுங்கள்.